முதுகுப் பக்கத்துச் சத்தம்

மருந்துக்கடை இருந்த தெருவுக்குள் ஜீப் நுழையவே திணறியது. கீழே கடை, மேலே குடியிருப்பு என்று பழைய காலத்துக் கட்டடம். மாடி ஜன்னல்கள் பட்டப்பகலிலும் சாத்திக் கிடந்தன. மழைநீர் இறங்கிய கறை கூரையிலிருந்து தரை வரைக்கும் சுவரில் படிந்திருந்தது. டிரைவர் வண்டியை நிறுத்திவிட்டு அண்ணாந்து பார்த்து, இந்த வீடு சரியில்லை என்றார். அவருக்கு எந்த வீடுமே சரியாக இருந்ததில்லை. போன மாதம் ஒரு பள்ளிக்கூடத்தைப் பார்த்தும் இதையேதான் சொன்னார். அங்கே பிடிபட்டது கழிவறையில் கெட்டுப்போன ஒரு குழல்விளக்கு.

என் வேலை சத்தம் பிடிப்பது. ஒருவர் வீட்டு டிவியில் கோடு விழுந்தாலோ, ஒருவர் கடை போன் கரகரத்தாலோ, காற்றில் வரும் வேண்டாத அலை எது என்று தேடி நிறுத்த வேண்டும். புகார் கொடுக்கிறவர்கள் முதலில் பக்கத்து வீட்டுக்காரனைச் சொல்வார்கள். பிறகு செல்போன் கோபுரத்தை. அதுவும் அலுத்துவிட்டால் பேயை. இத்தனை வருடத்தில் நான் பிடித்த பேய்கள் எல்லாம் மலிவு விலை சார்ஜர்களும் மீன் தொட்டி மோட்டார்களும்தான். அவற்றை வாங்கி மாட்டியவரும் புகார் கொடுத்த மகானுபாவராகத்தான் இருப்பார். மனித குலத்தின் மேல் எனக்கு மரியாதை குறைந்துபோனது இந்த வேலையில்தான்.

கடைக்குள் நுழைந்தோம். மருந்து நெடியோடு ஈரத்தில் ஊறிய மர வாடையும் சேர்ந்து வந்தது. கதவு திறந்ததும் அலமாரி மேலிருந்த வயர்லெஸ் மணி டிங்டாங் என்றது. மஞ்சளடித்துப்போன பழைய பிளாஸ்டிக் பெட்டி அது. கடைக்காரர் ஓடி வந்தார். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை, படிய வாரிய தலை, வாய் நிறைய 'சார்'. குளிர்ந்த பானம் ஒன்றைக் கையில் திணித்துவிட்டுப் பக்கத்தில் வந்து நின்றார்.

மணி மறுபடி அடித்தது. கதவு மூடியே இருந்தது.

"பாருங்க சார்," என்றார் தாழ்ந்த குரலில். "ஆள் இல்ல. மணி மட்டும்."

கல்லாப் பக்கத்துக் கம்பியில்லா போனைக் காதில் வைத்துக் காட்டினார். கரகரவென்று ஒரு இழுப்பு, ஓர் இடைவெளி, மறுபடி ஒரு இழுப்பு. வாடிக்கையாளர்கள் சிரிக்கிறார்களாம், வியாபாரம் கெடுகிறதாம்.

இதை நிறுத்த வேண்டும். இன்னொன்றும் வேண்டும் என்று குழைந்தார். மாடியில் அவருடைய அக்கா இருக்கிறார். காது மந்தம், கருவி வைத்திருக்கிறார். போன வருடம் இறந்துபோன அம்மா மணி அடித்துக் கூப்பிடுவது அந்தக் கருவியில் கேட்கிறது என்று சொல்லிக்கொண்டு, காலி அறையில் போய்ப் பேசிக்கொண்டிருக்கிறார். ஊருக்கு வெளியே இப்படிப்பட்டவர்களை வைத்துப் பார்க்கிற விடுதி ஒன்று இருக்கிறது, சாயங்காலம் வேன் வரும். அந்தக் கருவியில் எந்த அலையும் விழவில்லை, கேட்பதெல்லாம் பிரமை என்று நான் எழுதிக் கொடுத்தால் டாக்டர் கையெழுத்துப் போட்டுவிடுவார். மாடி காலியானால் அதே டாக்டர் அங்கே கிளினிக் வைக்கப்போகிறார் என்பது பேச்சுவாக்கில் வாயிலிருந்து விழுந்துவிட்டது.

கடையில் கேட்கும் சத்தம் நிஜம், அதை நான் நிறுத்த வேண்டும். மாடியில் கேட்கும் சத்தம் பொய், அதை நான் எழுதித் தர வேண்டும். ஒரே கூரைக்குக் கீழே கடைக்கு ஒரு நியாயம், அக்காவுக்கு ஒரு நியாயம். பானத்தைக் குடிக்காமல் கல்லாமேல் வைத்தேன்.

எங்கள் வேலையில் முதல் படி வீட்டின் மின்சாரத்தை அடியோடு நிறுத்துவது. கையில் பாட்டரி ரேடியோவை வைத்துக்கொண்டு மெயினை இறக்கினால், பத்தில் ஒன்பது சத்தம் அந்த நொடியே செத்துப்போகும். வீட்டுக்குள்தான் திருடன் என்று தெரிந்துவிடும். கடைக்காரர் ஷட்டரை இறக்கினார். டிரைவர் ஃபியூஸ் போர்டுக்குப் போனார். நான் கை ரேடியோவை அந்த மணியின் அலைக்குத் திருப்பினேன்.

டிக். டிக்டிக். டிக்.

யாரோ பொத்தானை அழுத்துகிற சத்தம். அழுத்திவிட்டுக் காத்திருந்து, மறுபடி அழுத்துகிற சத்தம்.

"இறக்குங்க," என்றேன்.

மெயின் இறங்கியது. விளக்கு போய், மின்விசிறி முனகிக்கொண்டே நின்றது. குளிர்ப்பெட்டியின் உறுமலும் அடங்கியது. ஷட்டரின் இடுக்கில் ஒரு கோடு வெளிச்சம் தவிர எல்லாம் இருட்டு.

டிக். டிக்டிக்.

டிரைவர் என் பக்கம் நகர்ந்து வந்து நின்றார். அவர் மூச்சு என் காதில் பட்டது. பாட்டரியில் ஓடுகிற ஏதோ ஒன்று, பொத்தான் சிக்கிக்கொண்டு அலை விட்டுக்கொண்டிருக்கிறது, அவ்வளவுதான் என்று அவரிடம் சொன்னேன். அவர் தலையாட்டினார். ஆனாலும் நகரவில்லை.

இரண்டாவது படி முதுகு. மனித உடம்பு பாதிக்கு மேல் தண்ணீர், அலையை விழுங்கும். ரேடியோவை மார்போடு அணைத்துக்கொண்டு மெதுவாக ஒரு சுற்றுச் சுற்ற வேண்டும். எந்தப் பக்கம் முதுகைக் காட்டும்போது சத்தம் அமுங்குகிறதோ அந்தப் பக்கம்தான் சத்தத்தின் பிறப்பிடம். இதற்குப் படிப்பும் வேண்டாம், விலையுயர்ந்த கருவியும் வேண்டாம். நான் சுற்றினேன். கல்லாப் பக்கம் முதுகு காட்டியபோது அமுங்கியது. சரி, கல்லா. அங்கே போய் மறுபடி சுற்றினேன். இப்போது ஷட்டர் பக்கம் அமுங்கியது. அங்கே போனால் மாடிப்படிப் பக்கம்.

பொத்தான் நடக்காது. எனக்கு எரிச்சல் வந்தது. ரேடியோவைத் தட்டினேன், பாட்டரியை மாற்றினேன். மறுபடி அதே கதை.

மாடிப்படியின் மேல் வளைவில் யாரோ நிற்பது அப்போதுதான் தெரிந்தது. வெள்ளை நூல் புடவை மட்டும் இருட்டில் மங்கலாகத் தெரிந்தது.

"கரண்ட் போயிடுச்சா?" என்றது ஒரு குரல். "எனக்கு இன்னும் கேக்குதே. உங்களுக்கும் கேக்குதா?"

கடைக்காரர் அவசரமாக, "உள்ள போக்கா, அதெல்லாம் ஒண்ணும் கேக்கல," என்றார். என் கை ரேடியோவில் ஊருக்கே கேட்கிற மாதிரி டிக்டிக் என்று ஓடிக்கொண்டிருந்தது. பொய் சொல்வதற்கும் ஒரு நேரம் காலம் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

மேலே போனேன். அக்காவுக்கு அறுபது இருக்கும். காதுக்குப் பின்னால் கருவி, கையில் துடைத்துக்கொண்டிருந்த துணி. பேச்சிலும் பார்வையிலும் எந்தக் கோளாறும் இல்லை. என்னைத் தம்பி என்று கூப்பிட்டார். சத்தம் வருகிற இடம் என்று அவர் காட்டியது பின்னறை. கடைக்காரரும் டிரைவரும் எங்களுக்குப் பின்னால் வந்தார்கள்.

அறையில் ஓர் இரும்புக் கட்டில், மெத்தையைச் சுருட்டித் தலைமாட்டில் வைத்திருந்தது. பக்கத்தில் ஒரு மர நாற்காலி. டெட்டால் நெடி ஒரு வருடத்துக்குப் பிறகும் போகவில்லை. அதற்கு அடியில் இன்னொரு வாடை, நெடுநாள் படுத்த படுக்கையின் வாடை. நாற்காலியில் மட்டும் தூசி இல்லை.

ரேடியோவை மார்பில் வைத்து அந்த அறையில் சுற்றினேன். சத்தம் பதறிக்கொண்டு வந்தது. டிக்டிக். டிக்டிக்டிக்.

டிரைவர் கண்ணை மூடிக்கொண்டு உதடசைக்க ஆரம்பித்துவிட்டார். கடைக்காரர் கதவருகே கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தார். வளர்ந்த மனிதர்கள் இரண்டு பேர், ஒரு சிக்கிக்கொண்ட பொத்தானுக்கு இந்தப் பாடு. எனக்கு அவர்களைப் பார்க்கவே பிடிக்கவில்லை. ரேடியோவை வாய்க்குப் பக்கத்தில் கொண்டுவந்து, கேலியாகக் குரலை இழுத்துச் சொன்னேன்:

"என்னம்மா வேணும்? இதோ வரேன்."

சத்தம் நின்றது.

சட்டென்று நின்றது. கீழே ஷட்டருக்கு வெளியே தெருவில் ஒரு சைக்கிள் மணி கேட்டது.

தொடர்பு விட்டுப்போயிருக்கும் என்றேன், கொஞ்சம் பெருமையாகவே. அக்கா என்னைப் பார்த்த பார்வையில் கோபம் இல்லை, பரிதாபம் இருந்தது. அதுதான் எனக்குப் பிடிக்கவில்லை.

"வரேன்னு சொல்லியிருக்கக் கூடாது தம்பி," என்றார் மெதுவாக. "சொன்னா வந்தாகணும். நான் சொன்னா வந்து உக்காந்துடுவேன். அம்மாவுக்கு அது போதும். சொல்லிட்டு வராம இருந்தா விடமாட்டாங்க."

"கேட்டீங்களா சார்?" என்று கடைக்காரர் என்னை நோக்கி இரண்டடி வைத்தார். "இதுதான் சார் நான் சொன்னது. இதை எழு..."

டிக். டிக்டிக்.

அவர் நின்றார். சத்தம் ஒரே சீராக ஓடியது. அவர் பின்வாங்கினார். சத்தம் தணிந்தது. கீழே கல்லா, ஷட்டர், மாடிப்படி என்று அது அலைந்ததெல்லாம் எனக்கு ஞாபகம் வந்தது. அங்கெல்லாம் இந்த மனுஷன்தான் நடந்துகொண்டிருந்தார்.

பையில் என்ன இருக்கிறது என்று கேட்டேன். போன், கார் சாவி, கைக்கடிகாரம் எல்லாவற்றையும் வாங்கி டிரைவரிடம் கொடுத்துத் தெருமுனைக்கு அனுப்பினேன். டிரைவர் அவ்வளவு வேகமாகப் படியிறங்கி நான் பார்த்ததில்லை. சத்தம் ஓடிக்கொண்டே இருந்தது. பெல்ட்டைக் கழற்றச் சொன்னேன். சட்டையைக் கழற்றச் சொன்னேன். அந்தப் பெரிய மனிதர் பனியனோடு அம்மாவின் கட்டிலுக்குப் பக்கத்தில் கைகளைக் கட்டிக்கொண்டு நின்றார்.

ரேடியோவை அவர் மார்புக்கு நேராகப் பிடித்தேன். சத்தம் அமுங்கியது.

கையை நீட்டி அவர் முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனேன்.

ரேடியோ அலறியது.

அவர் முதுகுக்கும் சுவருக்கும் நடுவே ஒரு முழம் இடைவெளி. அங்கே ஒன்றுமில்லை. என் கை அந்த இடத்தில் மட்டும் சில்லிட்டது. டெட்டால் நெடிக்கு அடியில் இருந்த அந்த வாடை இப்போது அங்கிருந்து வந்தது.

கையை இழுத்துக்கொண்டேன். பயந்துவிட்டேன் என்பதை மறைத்து என்ன ஆகப்போகிறது, நன்றாகவே பயந்தேன்.

அக்கா கட்டிலடியிலிருந்து ஒரு தகர டப்பாவை எடுத்துத் திறந்தார். கயிறு கட்டிய ஒரு வெள்ளைப் பொத்தான். படுக்கையில் கிடப்பவர்கள் கழுத்தில் மாட்டிக்கொண்டு அழுத்துகிற வகை.

"நீங்க தேடுறது இதுவா? கடையில இருக்கே அந்தப் பெட்டி, அது இதோட ஜோடிதான். எனக்குக் காது கேக்காதுன்னு கீழ இவன்கிட்ட வச்சோம். அடிச்சா இவன் மேல வரணும்னு ஏற்பாடு. அம்மா போனப்புறம் வீணாகக் கூடாதுன்னு வாசலுக்கு மாட்டிக்கிட்டான்."

பொத்தானின் பின்மூடியைத் திறந்தேன். பாட்டரி இல்லை. இருந்த இடத்தில் தூசி.

எப்போதிலிருந்து இல்லை என்று கேட்டேன். அக்காவுக்குத் தெரியவில்லை. அவர் அதைத் திறந்து பார்த்ததே இல்லையாம். தன் காதுக் கருவியைச் சரிபார்க்க வெளியூர் போயிருந்த பகலில்தான் அம்மா போனது. திரும்பி வந்தபோது அம்மாவின் கை இந்தப் பொத்தானை இறுகப் பிடித்திருந்தது. மணி அடிக்கவே இல்லை, தூக்கத்திலேயே போய்விட்டார் என்று தம்பி சொல்லியிருந்தார்.

இரண்டு பேரும் அவரைப் பார்த்தோம்.

பனியனோடு நின்றவர் முதலில் என்னிடம்தான் பேசினார். எங்கள் அலுவலக பாஷையிலேயே பேசினார். வேறு ஏதோ அலை பட்டு அது தானாக அடித்துக்கொண்டிருந்ததாம். இடையூறாம். அதனால்தான் கழற்றினாராம்.

"தானா அடிச்சுதா?" என்றார் அக்கா.

அவர் தலை குனிந்தது. "கடையில கூட்டம்க்கா. கீழேர்ந்தே 'இதோ வரேன்மா, இதோ வரேன்மா'ன்னு எத்தனை தடவை சொன்னேன். அடிச்சுக்கிட்டே இருந்தாங்க. ஒரு தடவை மேல வந்து பாட்டரியை மட்டும் எடுத்துட்டுப் போனேன். அப்புறம் அமைதியாயிட்டாங்கன்னு நெனச்சேன்."

சாயங்காலம் வரை அம்மா அமைதியாகத்தான் இருந்திருக்கிறார். பெற்ற தாய் பாட்டரி இல்லாத பொத்தானை அழுத்தி அழுத்திச் சாக, இந்த ஆள் கீழே இருமல் மருந்து விற்றுக்கொண்டிருந்தார். எத்தனையோ வகை அற்பர்களைப் பார்த்திருக்கிறேன். இவரைப் பார்த்தபோது வாயில் எச்சில் ஊறியது. அம்மாவின் அறை என்பதால் துப்பவில்லை.

அக்கா அழவில்லை. பொத்தானை முந்தானையால் துடைத்து மறுபடி டப்பாவில் வைத்தார்.

கல்லா மேசையிலேயே அறிக்கையை எழுதினேன். வீட்டில் அலை இருக்கிறது, அது அக்காவின் காதுக் கருவியிலும் விழுகிறது, அவர் கேட்பதாகச் சொல்வது உண்மை. இவ்வளவுதான். சாயங்காலம் வந்த வேன்காரரிடம் அக்காவே அதைக் காட்டினார். அவர் படித்துப் பார்த்துவிட்டுக் காலி வேனை ஓட்டிக்கொண்டு போனார். கடைக்காரர் ஜீப் வரைக்கும் பின்னால் வந்து, முதுகுக்குப் பின்னால் இருக்கிற இதை எப்படியாவது எடுத்துவிடுங்கள் என்று கெஞ்சினார். எங்கள் இலாகாவில் அதற்கு வழியில்லை என்றேன்.

ஜீப்பில் வரும்போதே கை ரேடியோ எங்காவது லேசாகக் கரகரக்கிறதா என்று டிரைவர் கேட்டார். வாயை மூடிக்கொண்டு ஓட்டச் சொன்னேன்.

வீட்டுக்கு வந்து கை கால் கழுவுவதற்குள் வாசல் மணி அடித்தது. போய்ப் பார்த்தேன், யாருமில்லை. திரும்பி உட்கார்ந்ததும் மறுபடி. தெருப் பிள்ளைகளின் சேட்டை என்று மனைவி சொன்னாள். மூன்றாவது தடவை எரிச்சலில் மணியின் பொத்தானைக் கழற்றி, பாட்டரியை எடுத்துச் சட்டைப் பையில் போட்டேன்.

இன்னும் உட்காரக்கூட இல்லை. அடித்தது.

வேலைப் பையிலிருந்து ரேடியோவை எடுத்தேன். மார்போடு அணைத்துக்கொண்டு கூடத்தின் நடுவில் சுற்ற ஆரம்பித்தேன். எதற்கு இந்த நாட்டியம் என்று மனைவி சிரித்தாள். ஜன்னல் பக்கம் அமுக்கம். சுவர்ப் பக்கம் அமுக்கம். சமையலறை, கதவு, மறுபடி ஜன்னல். ஒரு முழுச் சுற்றிலும் எங்கேயும் சத்தம் ஏறவில்லை.

வேலை தெரிந்தவனுக்கு அதன் அர்த்தம் தெரியும்.

ரேடியோவைத் தோளுக்கு மேலாக முதுகுப் பக்கம் கொண்டுபோனேன். மனைவியின் சிரிப்பு பாதியில் நின்றது.

மறுநாள் காலையில் கடைக்காரர் அலுவலகத்துக்குப் போன் செய்தார். குரலில் தேன் ஒழுகியது. நான் போனதிலிருந்து வீட்டில் ஒரு சத்தமும் இல்லையாம், கைராசி என்றால் இதுதானாம். இப்போது சத்தமே இல்லை என்பதால் அறிக்கையைத் திருத்திக் கொடுக்க வேண்டுமாம். டாக்டர் தயாராக இருக்கிறாராம், வேன் சாயங்காலம் மறுபடி வருமாம். நேற்றுப் பனியனோடு நின்ற அதே ஆள்தான் பேசினார். ஓர் இரவு நிம்மதியாகத் தூங்கி எழுந்ததும் எல்லாம் மறந்துபோயிருந்தது.

என் மேஜைமேல் ரேடியோ அணைத்து வைத்திருந்தது. அணைத்திருந்தும் டிக்கென்றது.

அறிக்கையைத் திருத்த முடியாது, நானே நேரில் வருகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தேன்.

டிரைவர் தெருமுனைக்கு மேல் வரமாட்டேன் என்றுவிட்டார். நடந்து போனேன். கடைக்குள் நுழைந்தபோது கடைக்காரர் ஒரு வாடிக்கையாளருக்கு மாத்திரை எண்ணிக்கொண்டிருந்தார். சார் என்று எழுந்தவரைக் கண்டுகொள்ளாமல் நேராக மாடிக்குப் போனேன். ஒவ்வொரு படிக்கும் பின்னால் இன்னொரு படி இலேசாக முனகியது. திரும்பிப் பார்க்கவில்லை.

அக்கா பின்னறை வாசலில் நின்றார். என் முகத்தைப் பார்த்ததும் நாற்காலியைக் கட்டிலுக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டார். அவருடைய துணிகள் கட்டிய ஒரு பை சுவரோரம் இருந்தது. தம்பி கட்டி வைத்தது.

உட்கார்ந்தேன். கைகளை மடியில் வைத்துக்கொண்டேன். கேலி செய்வதற்கு ஆயிரம் சொல் வைத்திருந்தவனுக்கு ஒரு சொல் கிடைக்கவில்லை.

"வந்துட்டேம்மா," என்றேன்.

கட்டிலின் சட்டம், யாரோ உடம்பைச் சாய்த்த மாதிரி, மெல்லக் கிறீச்சிட்டது. என் முதுகில் நேற்றிலிருந்து ஒட்டியிருந்த சில்லிப்பு விட்டது. அக்கா காதுக் கருவியை விரலால் அழுத்திக்கொண்டு உன்னிப்பாகக் கேட்டார். கொஞ்ச நேரம் ஒரு சத்தமும் இல்லை.

பிறகு கீழே கடையில் மணி அடித்தது.

வாடிக்கையாளர் வந்திருக்கலாம் என்று நினைத்தேன். வாசல் கதவின் சத்தம் கேட்கவில்லை. மணி மறுபடி அடித்தது. கீழே ஏதோ கண்ணாடிச் சீசா தரையில் விழுந்து உடைந்தது.

"சத்தம் திரும்ப வந்துடுச்சு. இனி வேன் வராது," என்றார் அக்கா. சுவரோரம் இருந்த பையை எடுத்து, முடிச்சை அவிழ்த்து, புடவைகளை ஒவ்வொன்றாக அலமாரியில் அடுக்க ஆரம்பித்தார்.

மணி நிற்கவில்லை. வாடிக்கையாளர் என்ன கேட்டாரோ, கடைக்காரர் தொண்டையைக் கனைத்துக்கொண்டு மேலே கேட்கும்படி கத்தினார்.

"இதோ வரேம்மா!"

அக்கா புடவையை மடித்தபடியே நின்றார். நானும் மூச்சை அடக்கிக்கொண்டு மாடிப்படியில் காலடி கேட்கிறதா என்று காத்திருந்தேன்.

கேட்கவில்லை. கீழே மாத்திரை எண்ணுகிற சத்தம்தான் கேட்டது.

மணி மறுபடி அடித்தது.